சோல் மியூசிக் என்றால் என்ன? வெறும் காதல் பாட்டுகளுக்கு ஏன் இவ்வளவு பண்பாட்டு மதிப்பு?

'சோல்' என்பதை 'ஆன்மிக இசை' என்று மொழிபெயர்த்திருந்த ஒரு பத்திரிகைக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருகாலத்தில் நன்றாகச் சிரித்திருக்கிறேன். நீங்கள் கேள்வியில் சொல்வதுபோலவே சோல் பாட்டுகளில் முக்கால்வாசி காதல் பாட்டுகள். விட்டுப்போனவளை நினைத்து ஒருவன் கெஞ்சுவான், ஏமாற்றியவனை ஒருத்தி திட்டுவாள், நடுராத்திரி எப்போது வரும் என்று இன்னொருவன் காத்திருப்பான். இதில் ஆன்மிகம் எங்கே வந்தது?

பிறகு வேலை விஷயமாக இரண்டு வருடம் மெம்ஃபிஸில் இருக்க வேண்டிவந்தது. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அந்த மொழிபெயர்ப்பாளர் தனக்கே தெரியாமல் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. நான் இசைக்கலைஞன் இல்லை, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். கேட்டதையும் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

கறுப்பின அமெரிக்கர்கள் சர்ச்சில் கடவுளைப் பார்த்துப் பாடியதை, அதே கதறலோடும் அதே கைத்தட்டலோடும் ஒரு பெண்ணைப் பார்த்தோ ஆணைப் பார்த்தோ பாடினால் அதுதான் சோல். சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் செய்தார்கள். 1954-ல் பாடகர் ரே சார்ல்ஸ், சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் காஸ்பல் பாட்டு, அதாவது சர்ச் பக்திப் பாட்டு, ஒன்றைக் கேட்டார். அதில் இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார். 'ஐ காட் எ வுமன்' பிறந்தது. சாம் குக் ஒரு போதகரின் மகன், சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகர். 'ஒண்டர்ஃபுல்' என்று அந்தக் குழுவில் கடவுளைப் பாடிய பாட்டை, மெட்டு கலையாமல் 'லவபிள்' என்று காதலிக்கு மாற்றினார். சர்ச் மக்கள் கோபித்துக்கொள்வார்களே என்று டேல் குக் என்ற பொய்ப்பெயரில் வெளியிட்டார். பெயரை மாற்றலாம், அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். 1957-ல் 'யூ சென்ட் மீ' வந்தபோது ஒளிவுமறைவு எதுவும் இல்லை, சொந்தப் பெயர்தான்.

சாமிக்குப் படைத்ததை எடுத்துச் சந்தையில் விற்கிறான் என்று பக்திமான்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அது முடியாது. காஸ்பல் இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் தாமஸ் டோர்சி, அதற்கு முன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் என்ற கறுப்பின நாட்டுப்புறப் பாணியில் இரட்டை அர்த்தப் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தவர். 1932-ல் பிரசவத்தில் மனைவி இறந்து, குழந்தையும் போனபிறகு அவர் எழுதியதுதான் 'பிரெஷஸ் லார்ட்'. ப்ளூஸ் கை அப்படியே சர்ச் பியானோவுக்குப் போனது. இருபது வருடம் கழித்து ரே சார்ல்ஸ் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இந்தப் பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கேட்கும்போது இது சோல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், பாடகர் தனியாகப் பாடமாட்டார். அவர் ஒரு வரி சொன்னால் பின்னால் இருக்கும் பெண்களோ டிரம்பெட்டோ பதில் சொல்லும். போதகர் சொல்லச் சொல்லச் சபை 'ஆமென்' போடுவதன் நேர் வாரிசு அது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் பிடித்துக்கொள்ள நேரமே ஆகவில்லை. அடுத்தது குரல். ஒரே எழுத்தை நாலைந்து சுரங்களில் இழுத்து வளைப்பார்கள். நம் பிருகா நினைவுக்கு வரும், ஆனால் நோக்கம் வேறு. இங்கே குரல் உடைய வேண்டும். உடையாத குரலை அவர்கள் நம்புவதில்லை.

மூன்றாவது, கைத்தட்டு. நாலு எண்ணிக்கையில் நாம் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவோம். அவர்கள் இரண்டிலும் நான்கிலும் தட்டுவார்கள். மெம்ஃபிஸ்காரர்கள் இதில் இன்னொரு குறும்பும் செய்தார்கள். 1965-ல் 'இன் த மிட்நைட் அவர்' (நள்ளிரவு வேளையில்) என்ற பாட்டின் ஒலிப்பதிவின்போது, நியூயார்க்கிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், அங்கே பிள்ளைகள் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று தானே ஆடிக் காட்டினார். அதைப் பார்த்து டிரம்மர் அல் ஜாக்சனும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் அந்த இரண்டாவது, நான்காவது தட்டை ஓர் இம்மி பிந்தி விழவிட்டார்கள். தாளம் தவறவில்லை, தட்டு மட்டும் கொஞ்சம் சோம்பல் முறிக்கும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு எல்லாவற்றிலும் அதைத்தான் தேடுவீர்கள்.

டெட்ராய்ட்டின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியைப் பற்றி எழுதாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். 1959-ல் பெர்ரி கோர்டி குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. வெற்றியில் அதற்கு நிகர் இல்லை, அங்கே பாடிய மார்வின் கே ஒருவருக்காகவே அதைக் கும்பிடலாம். ஆனாலும் மோடவுன் எனக்கு இஸ்திரி போட்ட சட்டை. நான் வியர்வை பக்கம்.

அந்த வியர்வைக்குப் பெயர் ஸ்டாக்ஸ். ஜிம் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்கார வங்கி ஊழியர், ஃபிடில் வாசிப்பவர், 1957-ல் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவிக்குப் பணம் கொடுத்தார். இருவரின் குடும்பப் பெயரிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துச் சேர்த்ததுதான் 'ஸ்டாக்ஸ்'. கிழக்கு மெக்லெமோர் அவென்யூவில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். தரை திரையை நோக்கிச் சரிந்திருக்கும், அதைச் சமன் செய்யக்கூடக் காசில்லை. முன்னால் மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டு கடை வைத்தார். தெருப்பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள், எதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து உள்ளே போய்ச் சொல்வார். அந்தச் சரிந்த தரைதான் அந்த ஒலிக்கே காரணம் என்று அந்த இடத்தில் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். (தரையைச் சமன் செய்யாததைப் பெருமையாக்கிய ஊர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.)

அங்கே நிரந்தர வாத்தியக் குழு புக்கர் டி. அண்ட் த எம்.ஜி.ஸ். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். இன்றைக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். அன்றைய மெம்ஃபிஸில் இந்த நாலு பேரும் நினைத்த ஹோட்டலில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஸ்டுடியோவுக்குள் மட்டும் முடியும். இன்னொரு இடத்திலும் முடியும்: லொரெய்ன் மோட்டல். பெய்லி தம்பதி என்ற கறுப்பினத்தவர் நடத்திய விடுதி. மனைவி லோரியின் பெயரையும், 'ஸ்வீட் லொரெய்ன்' என்ற பழைய பாட்டையும் நினைத்து வைத்த பெயர் அது. வெளியூர்ப் பாடகர்கள் அங்கேதான் தங்குவார்கள், க்ராப்பர் கிட்டாரோடு போய் உட்காருவார். மேலே சொன்ன 'இன் த மிட்நைட் அவர்', பிறகு 'நாக் ஆன் வுட்', இரண்டும் அந்த விடுதி அறையில் பிறந்தவை.

1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் அதன் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் எழுதிய அட்டைகளோடு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் தங்கிய இடம் அதே லொரெய்ன் மோட்டல், அறை எண் 306. ஏப்ரல் 4 மாலை, அறைக்கு வெளியே பால்கனியில் நின்றுகொண்டு, கீழே நின்ற பென் பிராஞ்ச் என்ற சாக்ஸஃபோன் கலைஞரிடம், இன்று இரவுக் கூட்டத்தில் 'பிரெஷஸ் லார்ட்' வாசியுங்கள், அழகாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். லோரி பெய்லிக்கு அன்றே பக்கவாதம் தாக்கியது. கிங்கின் இறுதிச் சடங்கு நடந்த நாளில் அவரும் இறந்தார்.

அந்த விடுதி இப்போது அருங்காட்சியகம். பால்கனிக் கம்பியில் ஒரு மலர் வளையம் தொங்கும். காதல் பாட்டுக்கு என்ன பண்பாட்டு மதிப்பு என்று கேட்டீர்களே, எனக்கு அந்த இடம்தான் பதில். நள்ளிரவுக்காகக் காத்திருக்கும் பாட்டு எழுதப்பட்டதும், அந்தக் கொலை நடந்ததும் ஒரே கூரையின்கீழ். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார இடம் கொடுத்த விடுதி என்பதால்தான் அந்தப் பாட்டு அங்கே பிறந்தது. கிங்கும் அதே போன்ற காரணத்தால்தான் அங்கே தங்கினார்.

'சோல்' என்ற சொல்லே அப்போது வேறு வேலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் பற்றி எரிந்தபோது, கறுப்பினத்தவர் தங்கள் கடைச் சுவரில் 'சோல்' என்று எழுதிவைத்தார்கள். இது நம்மவர் கடை, விட்டுவிடுங்கள் என்று பொருள். மெம்ஃபிஸில் டிவியில் அதைப் பார்த்த ஸ்டாக்ஸ் பாடலாசிரியர் ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டரோடு சேர்ந்து 'சோல் மேன்' எழுதினார். பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 1969-ல்தான் தன் கறுப்பின இசைப் பட்டியலுக்குச் 'சோல்' என்று பெயர் மாற்றியது. 1949 வரை அதே பட்டியலின் பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இன ரெக்கார்டுகள். வெளியார் வைத்த பெயரிலிருந்து தாங்களே சொல்லிக்கொண்ட பெயருக்கு வர இருபது வருடம்.

பாடகி அரீதா ஃபிராங்க்ளின் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். 'ரெஸ்பெக்ட்' (மரியாதை) அவருடைய பாட்டு இல்லை. 1965-ல் ஸ்டாக்ஸுக்காக ஓடிஸ் ரெட்டிங் எழுதிப் பாடியது. சம்பாதித்து வீட்டுக்கு வரும் ஆண், பெண்டாட்டியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று அரீதா அதைப் பாடினார். சொற்களில் கொஞ்சம்தான் மாற்றம், கேட்கும் ஆள்தான் மாறிவிட்டாள். 'மரியாதை' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்துக் கேட்பது அவர் சேர்த்தது. பின்பாட்டு அவருடைய தங்கையும் அக்காவும். பெண்ணுரிமைக்காரர்களும் கறுப்பின உரிமைக்காரர்களும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவரே ஒரு மேடையில், இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஆறு மாதம். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் ஓர் ஏரியில் விமானம் விழுந்து ஓடிஸ் இறந்தார். வயது 26.

அவர் சாவு, கிங் கொலை, அதே 1968-ல் மூன்றாவது அடி: ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால், அதுவரை விநியோகம் செய்த அட்லாண்டிக் கம்பெனிக்கே தங்கள் பழைய ஒலிப்பதிவுகள் சொந்தம் என்று ஸ்டாக்ஸுக்குத் தெரியவந்தது. எழுந்து நின்றார்கள், 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு டாலர் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கூட்டிக் கச்சேரிகூட நடத்தினார்கள். ஆனாலும் 1975-ல் கடை மூடப்பட்டது. 1989-ல் தியேட்டரை இடித்தார்கள். இன்று அதே இடத்தில் நிற்பது 2003-ல் திறந்த அருங்காட்சியகம்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல் கிரீனின் சர்ச்சுக்குப் போனேன். 1972-ல் அமெரிக்காவே முணுமுணுத்த 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாடியவர் 1976-ல் மெம்ஃபிஸில் ஒரு சர்ச்சை வாங்கி, அதற்குத் தானே போதகரானார். சாம் குக் போன வழியில் எதிர்த்திசையில் நடந்தவர். அவரைப் பார்க்கத்தான் போனேன், மறைக்கவில்லை. அன்றைக்கு அவர் வரவில்லை. எழுந்து போனால் நன்றாயிருக்காதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

பாடகர் குழு தொடங்கியது. பின்னால் ஒரு பையன் டிரம்ஸில். இரண்டாவது தட்டு ஓர் இம்மி பிந்தி விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உற்சாகத்தில் நானும் கைதட்டினேன், பழக்கதோஷத்தில் ஒன்றிலும் மூன்றிலும். பக்கத்தில் பெரிய தொப்பி வைத்த ஒரு பாட்டி இருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "அவசரப்படாதே கண்ணு, அது வரட்டும்" என்றார். வந்ததும் கையை விட்டார்.