பெட்டி வாங்குமுன் சாவி யாரிடம் என்று கேளுங்கள்

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பள்ளியின் பழைய மாணவர்கள் 60,000 ரூபாய் திரட்டித் தந்து, பிள்ளைகள் கையால் செய்து படிக்க ஏதாவது வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஏஜென்ட் வந்து அறிவியல், கணிதம் இரண்டுக்குமான ஒரு கிட் பெட்டியைக் காட்டினார். 150 சோதனைகள் செய்யலாமாம். விலை 96,000; எங்களுக்கு மட்டும் 58,000. ஆறு முதல் எட்டு வரை 70 பிள்ளைகள் படிக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் ஆகும் என்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா ஐயா? தப்பாகிவிட்டால் ஊரில் எங்கள் தலைதான் உருளும்.

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

விலையைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 60,000, பெட்டி 58,000. பக்கத்து ஊர்ப் பள்ளியில் 40,000 இருந்தால் அதே பெட்டி அங்கே 39,000க்குக் கிடைக்கும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த வியாபாரத்தில் விலை பிறக்கிறது. 96,000 என்பது அடித்துக் காட்டுவதற்கென்றே அச்சடித்த எண். மாதக் கடைசி என்பது அவருடைய கமிஷன் கணக்கு முடியும் நாள். உங்கள் பிள்ளைகளின் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து அந்த 150. ஒரு லென்ஸை வைத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சோதனை. வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கினால் இரண்டாவது. சன்னலின் பிம்பத்தைச் சுவரில் தலைகீழாக விழவைத்தால் மூன்றாவது. லென்ஸ் என்னவோ ஒன்றுதான். சோதனைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கையில் பொருள் இருக்கும் என்று எண்ணுங்கள். உங்களுக்கு வகுப்புக்கு 23, 24 பேர். நாலு பேருக்கு ஒரு செட் என்றால் ஆறு செட் வேண்டும். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாமே ஒன்றொன்றுதான் இருக்கும். டீச்சர் மேசையில் வைத்துச் செய்வார், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு 58,000 ரூபாய் எதற்கு?

டெமோவில் எல்லாம் வேலை செய்ததே என்பீர்கள். அவர் கையால் செய்தால் வேலை செய்யும். அவருக்கு வேலையே அதுதான். மறுபடி வந்தால் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காந்தத்தின் நடுவில் நூல் கட்டி, பக்கத்தில் இரும்பு மேசை, பீரோ எதுவும் இல்லாத இடத்தில் தொங்கவிடட்டும். வடக்கு என்று குறித்த முனை வடக்கே நிற்க வேண்டும். மலிவுக் காந்தங்களில் சிவப்பும் நீலமும் மாற்றி அடித்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு டீச்சர் பாடம் நடத்தினால் பிள்ளைக்குத் திசையே மாறிப்போகும். பெட்டியில் ஒன்றுக்கு மேல் தெர்மாமீட்டர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே குவளைத் தண்ணீரில் சேர்த்து வையுங்கள். ஒன்று 29, இன்னொன்று 33 காட்டினால் பெட்டியை மூடச் சொல்லிவிடலாம். பாதரசத் தெர்மாமீட்டராக இருந்தால் திறக்கவே வேண்டாம். உடைந்தால் சிந்துவது விஷம். சுருள்வில் தராசில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டாலே வண்டவாளம் தெரிந்துவிடும்.

மின்சாரப் பகுதியில் ஒரு வேடிக்கை நடக்கும். வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு சாதாரண செல் தருவது 1.5. சில பெட்டிகளில் ஒரே ஒரு செல் வைக்கத்தான் இடம் இருக்கும்! ஆக விளக்கு எரியாது. தன் கையில்தான் கோளாறு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். இந்த எண்களையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிள்ளை கையில் எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், பொத்தான் மாதிரி இருக்கும் சின்னச் செல்லும், சிறு மணி போன்ற வலுவான காந்தங்களும் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இருக்கிறது. பொத்தான் செல் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். காந்தம் இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்.

"என்.சி.இ.ஆர்.டி. அங்கீகாரம் பெற்றது" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார், அல்லது சொல்லப்போகிறார். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. தானே கிட் தயாரித்து விற்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியலுக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று. அவற்றின் கையேடுகள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைமை ஆசிரியரிடம் சொல்லி இறக்கி, பொருள் பட்டியலை மட்டும் அச்செடுத்து ஏஜென்ட் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, உங்கள் பிள்ளைகள் படிப்பது தமிழ்நாட்டுப் பாடநூல். ஆறாம் வகுப்பு அறிவியலில் அளவீடுகள், வெப்பம், மின்னியல், காந்தவியல் எல்லாம் இருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு எந்தப் பொருள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பாட எண் போட்ட தாளை நீட்டினால் புரிந்துகொள்ளலாம்.

இனி, யாரும் பேச விரும்பாத விஷயம். 1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று கொண்டுவந்து தொடக்கப் பள்ளிகளுக்குக் கிட் பெட்டிகளை அனுப்பியது. நிறையப் பள்ளிகளில் அவை பூட்டியபடியே கிடந்தன. ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று ஊர் பேசியது. உண்மை என்னவென்றால், வந்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஆறு சோதனைக் குழாய் என்று இருந்தால், தணிக்கைக்கு வருபவர் ஆறு எங்கே என்று கேட்பார். பிள்ளை கையில் கொடுத்தால் ஒன்று உடையும். உடைந்ததற்கு யார் விளக்கம் எழுதுவது? பீரோவில் வைத்துப் பூட்டினால் ஆறும் அப்படியே இருக்கும். பயன்படுத்தினால் கேள்வி, பூட்டிவைத்தால் பாராட்டு என்று விதியை வைத்துக்கொண்டு, செயல்வழிக் கற்றலைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பழகுவதற்கான நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகத்துக்குப் பள்ளிக்கு 20 லட்சம் வரை தருகிறார்கள். அங்கேயும் முப்பரிமாண அச்சுப்பொறிக்குத் துணி போர்த்தி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு.

ஆகவே எதை வாங்கினாலும் அதற்கு முன் மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள்: "இப்பொருள்கள் மாணவர் கையாளுவதற்காக நன்கொடையில் வாங்கப்படுபவை. பயன்பாட்டில் உடைவதும் தீர்வதும் இயல்பு. உடைந்தவற்றைக் குழு பார்த்துக் கழித்துவிடும்." செல், பல்பு, ஒயர் போன்ற தீர்ந்துபோகும் சாமான்களுக்குத் தனி நோட்டு. சாவி எந்த ஆசிரியரிடம் என்றும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். இதைச் செய்யாமல் வாங்குவது பீரோவுக்கு நகை போடுகிற மாதிரி.

சரி, அந்தப் பணத்தை என்ன செய்வது? அறிவியல், கணித ஆசிரியர்களை மூன்று புத்தகங்களோடும் உட்காரவைத்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். அளந்து பார்க்கும் கருவிகளைத் தரமாகக் கடையில் வாங்குங்கள்: கண்ணாடி லென்ஸ், தெர்மாமீட்டர், சுருள்வில் தராசு, சட்டக் காந்தம். எல்லாம் ஆறாறு. மாவட்டத் தலைநகரில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் மூன்று கொட்டேஷன் வாங்கி, பில்லோடு வங்கி வழியாகப் பணம் கட்டுங்கள். காந்தங்களைச் சும்மா பெட்டியில் கொட்டி வைத்தால் வலுப் போய்விடும். இரண்டிரண்டாக, எதிரெதிர் முனைகள் சேரும்படி அடுக்கி, இரு கோடியிலும் இரும்புத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஊரிலேயே ஆகும். ரப்பர் பேண்ட் மாட்டி உருவங்கள் செய்யும் ஆணிப் பலகைக்குத் தச்சர் போதும், எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்ட ஈர்க்குச்சி. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில், உங்களுடைய அதே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, இப்படித்தான் அறிவியல் நடத்தத் தொடங்கினார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் பழக்கம் அங்கிருந்து பரவியதுதான். 30 ஆண்டு நடந்ததை 2002-ல் மாநில அரசே நிறுத்திவிட்டது. ஓடுகிறதை நிறுத்துவதில் நம் துறைகளுக்கு நிகர் கிடையாது.

தமிழ்நாட்டில் இதே வகுப்புகளுக்கு 2022-ல் வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல், கணித ஆய்வகத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உங்கள் பள்ளிக்கு அதன் கருத்தாளர் வருகிறாரா, என்னென்ன செய்து காட்டினார் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அதிலேயே இருப்பதை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பார்வையற்ற அந்தப் பையனைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைப் பெட்டி வேண்டாம், ஊரிலேயே செய்யலாம் என்றேனே, அது அவன் விஷயத்தில் பொருந்தாது. ஏஜென்ட் மணிச்சட்டத்தைக் காட்டி, தடவிப் பார்த்துக் கணக்குப் போடுவான் என்று சொல்லியிருப்பார். சாதாரண மணிச்சட்டத்தில் விரல் பட்டதும் மணி நகர்ந்துவிடும். போட்ட எண்ணைத் தடவிப் படிப்பதற்குள் அந்த எண்ணே மாறிவிடும். பார்வையற்றோருக்கான மணிச்சட்டத்தில் மணிகளுக்கு அடியில் கம்பளித் துணி போன்ற மெத்தை இருக்கும். வேண்டுமென்று தள்ளினால்தான் மணி நகரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தடவிப் பாருங்கள்.

எட்டாம் வகுப்புக் கணக்குக்கு அதுவும் போதாது. அவனுக்கு வேண்டியது டெய்லர் ஃப்ரேம். எட்டு மூலைக் குழிகள் வரிசையாக உள்ள தட்டு. குழியில் செருகச் சின்னச் சின்ன அச்சுகள். அச்சின் ஒரு முனையில் மேடான கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு முனையையும் எட்டுத் திசையில் திருப்பி வைக்கலாம், ஆக 16 குறிகள். இலக்கம் பத்துப் போக, கூட்டல் கழித்தலுக்கெல்லாம் மிச்சம் ஆறு. இயற்கணிதத்துக்கு வேறு அச்சுகள் உண்டு. மற்றப் பிள்ளைகள் நோட்டில் போடுவதை அவன் இதில் வரி வரியாக அடுக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து தடவிச் சரிபார்க்க முடியும். டேராடூனில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. தச்சரிடம் கொடுத்துச் செய்ய முடியாது. குழி ஒரு நூல் பிசகினாலும் திசை தெரியாது. ஆனால் இதற்கு உங்கள் நன்கொடையைத் தொடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான உபகரணங்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வர வேண்டியவை. பையனின் மருத்துவச் சான்று நகலோடு தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் "அடுத்த முகாமில் பார்க்கலாம்" என்பார்கள், பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவான். நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள். ஆணிப் பலகையும் ரப்பர் பேண்டும் மட்டும் அவனும் மற்றவர்களும் சேர்ந்தே பயன்படுத்தலாம். முக்கோணம் எதுவென்று விரலுக்குத் தெரியும். ஆணியின் தலையை மழுங்க அடித்துவிடச் சொல்லுங்கள்.

60,000-ஐயும் இந்த ஆண்டே தீர்க்க வேண்டியதில்லை. பத்தாயிரத்தைக் குழுவின் கணக்கிலேயே விட்டுவையுங்கள். ஜூனில் வாங்கிய செல் டிசம்பரில் தீர்ந்திருக்கும், தெர்மாமீட்டர் ஆறில் இரண்டு உடைந்திருக்கும். ரிப்பன் வெட்டப் பெரிய பெட்டி ஒன்று வேண்டும் என்று பழைய மாணவர்கள் ஆசைப்பட்டால், விழா நடத்தாமல் ஒரு வேலைநாளில் வகுப்புக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். ஏஜென்ட் மறுபடி வந்தால், ஆறு செட்டுக்கான விலை, தீர்ந்துபோகும் சாமான்களின் தனி விலை, இரண்டையும் கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு வர மாட்டார்.