ஆயிரம் பிரதி போடலாமா, டீச்சர்?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிறு பதிப்புகளில் வந்தவையும் புதியவையுமாக 14 சிறுகதைகள் கைவசம் இருக்கின்றன. ஆயிரம் பிரதி அடித்தால் ஒன்றின் விலை பாதியாகும் என்கிறதாம் ஓர் அச்சகம். பணம் கட்டினால் நாங்களே போட்டுத் தருகிறோம் என்கிறதாம் சென்னைப் பதிப்பகம் ஒன்று. யாரிடம் போவது, ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை எங்கே வாங்குவது, வெளியீட்டு விழா கட்டாயமா?

பதில்: ஆயிரம் வேண்டாம், டீச்சர். அச்சகத்தார் பொய் சொல்லவில்லை. ஆப்செட் அச்சில் தகடு எடுப்பது, இயந்திரத்தைத் தயார் செய்வது எல்லாம் 300 பிரதிக்கும் ஒரே செலவு, மூவாயிரத்துக்கும் ஒரே செலவு. அதன்பிறகு தாளும் மையும் கட்டுமானமும்தான். அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும். ஆனால் அவர் சொல்வது அடித்த புத்தகத்தின் விலை. நீங்கள் பார்க்க வேண்டியது விற்ற புத்தகத்தின் விலை. ஆயிரம் அடித்து 250 விற்றால், மொத்தச் செலவையும் அந்த 250தான் சுமக்கும். மீதி 750 பெட்டி பெட்டியாக உங்கள் வீட்டு அறையில் கிடக்கும். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் இலக்கியம் ரொம்பப் பிடிக்கும்.

ஒரு தாளை எடுத்து, புத்தகத்தை உண்மையாகவே காசு கொடுத்து வாங்கப்போகிறவர்களின் பெயரை எழுதுங்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் இருந்தால் 200 என்று போடாதீர்கள். கைதட்டும் பொம்மை போடுகிறவர் எல்லாம் பணம் அனுப்பமாட்டார். வரும் எண்ணோடு கொஞ்சம் சேர்த்து, தகடு எடுக்கத் தேவையில்லாத டிஜிட்டல் முறையில் 150, 200 பிரதி போடுங்கள். ஒன்றின் விலை கூடுதல்தான், பரவாயில்லை. தீர்ந்தால் அதே கோப்பிலிருந்து மறுபடி அடிக்கலாம்.

இந்த ஆயிரம் என்ற எண்ணே நம் விழாப் பழக்கத்தால் வருவது. மலேசியாவில் தமிழ் நூலுக்கு விழாதான் முக்கிய விற்பனைக் கூடம். தலைமை தாங்குபவரும் முதல் நூல் பெறுபவரும் சிறப்புப் பிரதி பெறுபவர்களும் உறையில் வைத்துத் தருவதில் பல பேருக்கு அச்சுச் செலவு எழுந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 500 வெள்ளி (ரிங்கிட்) தருபவர் எடுத்துப்போவது ஒரே ஒரு புத்தகம். பணம் வந்ததை வைத்துப் பிரதியைக் கணக்குப் போடக்கூடாது. விழா கட்டாயமும் இல்லை. வைப்பதென்றால் கோலாலம்பூரில் சோமா அரங்கம் வரை வராதீர்கள். உங்கள் வாசகர்கள் பினாங்கில்தான் இருக்கிறார்கள்; நீங்கள் படித்துக்கொடுத்த பள்ளி மண்டபமே போதும். எட்டுப் பேர் வாழ்த்துரைக்குப் பதிலாக, கதைகளைப் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு இருபது நிமிடம் கொடுங்கள். பொன்னாடைச் செலவும் மிச்சம்.

அச்சகத்துக்கு முன்னால் செம்மையாக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஒற்றுப்பிழை வராது, தெரியும். ஆனால் முதல் பக்கத்தில் மூத்த மகனாக இருந்தவன் கடைசியில் இளையவனாகிவிடுவதை எழுதியவர் கண் பார்க்காது. உறவினர் அல்லாத, முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். 14இல் மூன்றை எடுத்துவிடு என்றால் கோபப்படாமல் கேளுங்கள். ஆசிரியர்கள் எழுதும் கதைகளில் ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன்: கடைசிப் பத்தியில் யாராவது ஒருவர் அறிவுரை சொல்லிவிடுவார். அந்தப் பத்தியை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

பழைய கதைகளைப் பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அதை இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும்போது ஆங்கில எழுத்துகள் குழம்பும். கதையில் வரும் கார் எண் பலகை திடீரென்று புரியாத தமிழாகிவிடும். பக்க வடிவமைப்பில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா என்றும் பாருங்கள். கைப்பேசியில் பி.டி.எஃப். பார்த்துச் சரி சொல்லாதீர்கள், தாளில் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆப்செட்டுக்குப் போனால் இன்னொன்று: பாரம், அதாவது ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி, பெரும்பாலும் 16 பக்கம். 147 பக்கம் வந்தால் 160க்குக் காசு கொடுப்பீர்கள். எழுத்தளவைக் கொஞ்சம் சரிசெய்து 144க்குள் அடக்கப் பாருங்கள். அதற்காகக் கண்ணைக் கெடுக்கும் பொடி எழுத்து வேண்டாம், உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடிக்காரர்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் கொடுக்கிறது. கட்டணம் இல்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தனி எழுத்தாளரும் வாங்கலாம். இதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது நூற்றுக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சுக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள், உள்பக்கத்தில் அச்சாக வேண்டும். மின்னூல் போட்டால் அதற்குத் தனி எண். நூல் வந்த ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும். நீங்களே வெளியிட்டால் உங்கள் முகவரிதான் அங்கே வரும், அதை நினைவில் வையுங்கள். காப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய உடனே உங்களுடையது. இங்கே உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு இருக்கும்.

அப்புறம் சென்னை. அங்கே போட்டால் தமிழ்நாட்டு வாசகர் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் நீங்கள் பணம் கட்டினால், அவர் உங்களுக்கு அச்சிட்டுத் தருபவர் மட்டுமே. தன் காசைப் போடும் பதிப்பாளருக்குத் தரும் உரிமைகளை அவருக்குத் தர வேண்டியதில்லை. எத்தனை பிரதி அடிப்பார், உங்களுக்கு எத்தனை, கப்பல் செலவு யாருடையது, உரிமை எத்தனை ஆண்டு, மின்னூலும் மொழிபெயர்ப்பும் யாருக்கு, அடுத்த பதிப்பு போட்டால் உங்களுக்கு என்ன வரும்? இத்தனையையும் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்மா’ என்று மட்டும் பதில் வந்தால், பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.