பெரோவ்ஸ்கைட் டாண்டம் சோலார்: கேட்டவையும் பதில்களும்

கே: சார், சிலிக்கான் பேனலே நன்றாக ஓடுகிறதே. அதன்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் படலத்தை இன்னோர் அடுக்காகப் போடுவது எதற்கு?

ப: சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது மின்சாரம் உண்டாக ஒளித்துகள் ஒன்று குறைந்தது தர வேண்டிய ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். நீல ஒளி அதற்கு இரு மடங்குக்கு மேல் ஆற்றலோடு வந்தாலும் மிச்சமெல்லாம் வெப்பமாகிவிடும். 1.68 இடைவெளியுள்ள பெரோவ்ஸ்கைட் மேலே இருந்தால் நீலத்தையும் பச்சையையும் கூடுதல் வோல்ட்டேஜில் அது வாங்கிக்கொள்ளும். அகச்சிவப்பு கீழே சிலிக்கானுக்குப் போகும். இப்படி இரண்டு செல்லை அடுக்குவதுதான் டாண்டம். தனிச் சிலிக்கானின் கோட்பாட்டு எல்லை 29.4%. சீனாவின் லாஞ்சி நிறுவனத்தின் டாண்டம் செல் 2025-இல் 34.85% தொட்டது.

கே: அப்படியானால் வீட்டுக்கு இப்போது பேனல் போடாமல் காத்திருக்கலாமா?

ப: வேண்டாம். 34.85% என்பது ஆய்வகத்துச் சிறு செல்லின் கணக்கு. 2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பிவி என்ற நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் வணிக டாண்டம் பேனல்களின் செயல்திறன் 24.5%தான்.

கே: எத்தனை வருடம் தாங்கும் அண்ணா? அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ப: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரோவ்ஸ்கைட் படிகத்துக்குள் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) ஓரிடத்தில் நிற்பதில்லை. இடைவெளியை 1.68-க்கு உயர்த்த புரோமின் சேர்க்கிறோம். வெளிச்சம் பட்டதும் அயோடினும் புரோமினும் பிரிந்து திட்டுத்திட்டாக ஒதுங்கும், வோல்ட்டேஜ் இறங்கும். படிகத்தில் சேர்க்கும் மெத்திலமோனியம் என்ற பொருள் சூட்டில் வெளியேறிவிடும் என்பதால் இப்போது பலர் சீசியம், ஃபார்மமிடினியம் கலவைக்கு மாறிவிட்டார்கள். ஈரத்தைக் கண்ணாடியும் ஓர அடைப்பும் ஓரளவு தடுக்கும். உள்ளே நகரும் அயனியைத் தடுக்க அவற்றால் ஆகாது. இருமுனை டாண்டத்தில், அதாவது மொத்தத்துக்கும் இரண்டே மின்முனை உள்ள வகையில், இரண்டு செல்லும் தொடரில் இருப்பதால், மேலடுக்கின் மின்னோட்டம் குறைந்தால் நல்ல நிலையில் இருக்கும் சிலிக்கானும் சேர்ந்து இழுபடும்.

கே: 85 டிகிரி, 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தேறியது என்கிறார்களே, போதாதா?

ப: போதாது. அந்தச் சோதனை இருட்டில் நடப்பது. பெரோவ்ஸ்கைட்டைக் கெடுப்பதோ வெளிச்சமும் சூடும் ஒன்றாகச் சேர்வது. இரவு பகல் மாற்றமும் முக்கியம்: சில செல்கள் இரவில் தேறிக்கொள்ளும்; சிலவோ இடைவிடாத ஒளியில் இருப்பதைவிட வேகமாகத் தேயும். திறந்த வெயிலில் ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவீடு இருந்தால்தான் 25 வருட வாரண்டியை நான் நம்புவேன்.

கே: ஈயம் இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. படலம் மிக மெல்லியது, சதுர மீட்டருக்கு ஒரு கிராம் அளவில்தான் வரும். வழக்கமான பேனல்கள் பலவற்றின் சால்டரிலும் ஈயம் உண்டு. ஆனால் இது தண்ணீரில் கரையும் வடிவம். உடைந்த பேனலை மழையில் கிடக்க விடக்கூடாது.