அட்டைப்படத்தில் ஒரு முகம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறேன். பாடத்துக்காக ஒரு தமிழ் சினிமா இதழுக்கு அட்டை செய்தேன். நண்பர்கள் எடுத்த குறும்படத்தில் நடித்த பெண்ணின் படத்தை வைத்தேன். பார்ப்பவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்த வேண்டும் என்பது விதி. இன்ஸ்டாகிராமிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். தலைப்பு பெரிதாக வேண்டும் என்றார் ஒருவர், வேண்டாம் என்றார் இன்னொருவர். "முகம் இருட்டா இருக்கு, கொஞ்சம் வெளுப்பாக்கு" என்று பெரியம்மாவும் வேறு சிலரும் சொன்னார்கள். வெளுப்பாக்கினேன். எல்லாரும் சொன்னதைக் கேட்டுத் திருத்தித் திருத்தி, இப்போது அட்டை எனக்கே பிடிக்கவில்லை. முதலில் செய்ததே மேல் என்கிறார் விரிவுரையாளர். யார் சொல்வதைக் கேட்பது? எந்த எழுத்துருவை எடுப்பது? தலைப்பை ஆங்கிலத்திலும் போடலாமா? இரண்டு அட்டைகளையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுத்துருவை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலம்போலத் தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அழுத்தம் வேண்டுமென்றால் அளவையும் தடிமனையும்தான் நம்ப வேண்டும். கொக்கிக்கும் சுழிக்கும் மேலும் கீழும் இடம் விடுங்கள், எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்பு உங்கள் விருப்பம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் பெரியம்மா சொன்னதற்காக. நம் ஊர்க் கல்யாணப் பதாகைகளிலும் அழகு நிலைய விளம்பரங்களிலும் மாவு பூசியதுபோல வரும் முகங்களைப் பார்த்து, கொஞ்ச காலமாகவே மனம் குமைந்துகொண்டிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. அது பொய்யில்லை. உங்கள் முதல் அட்டையைப் பார்த்தேன். இரவில், அடுக்குமாடி நடைவழியில் எடுத்த படம். கறுத்த பெண், கறுப்புச் சட்டை, பின்னால் இருண்ட சுவர். தலைமுடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இதைத்தான் அவர் இருட்டு என்றார். சுவரைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியிருந்தால், தோளோரம் விழும் விளக்கொளியைச் சற்றுத் தூக்கிவிட்டிருந்தால், முகம் தானாக முன்னால் வந்திருக்கும். நீங்கள் சுவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் தோலில் கை வைத்துவிட்டீர்கள். கோபம்தான் வருகிறது அம்மா, மறைக்க மாட்டேன். வலிக்கிற இடத்தைக் காட்டுவது பார்ப்பவர் வேலை, மருந்து தேடுவது உங்கள் வேலை. படிக்கிற நீங்களே அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

கேமரா பிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் பல ஆண்டுகளாகப் புகைப்படக் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பிவந்தது. ஷெர்லி அட்டை என்று பேர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்துவிட்டால் படம் சரி என்று கணக்கு. பள்ளிப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகம் மைபோல அப்பிக்கொண்டு வந்தது. பிலிம் திருந்தத் தூண்டுதலாக இருந்தது மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களின் முறையீடு என்று அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும், ஒரு சாக்லேட்டுக்கும் இன்னொன்றுக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்களுடைய குறை. கருத்துக் கேட்பது என்றால், யாருடைய குரல் காதில் ஏறுகிறது என்பதும் அதற்குள் இருக்கிறது.

பினாங்கில் என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். கைக்கு வந்த படத்தில் அக்காவின் நிறமே இல்லை. மூக்கோரம் இருந்த மச்சத்தையும் காணோம். "எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர். அக்கா எதுவும் பேசவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கும்போதே படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா அதற்கப்புறம் வெகுகாலம் யாருக்கும் படம் எடுக்க நிற்கவில்லை. 'எல்லாரும் கேக்குறாங்க' என்ற பேச்சை இன்று கேட்டாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

உங்கள் பெரியம்மாமேல் எனக்குக் கோபமில்லை. அவரும் அப்படிப்பட்ட படங்களுக்கு நடுவே வளர்ந்தவர்தான்.

சரி, இனி என்ன செய்வது? "நல்லா இருக்கா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அட்டையைச் சில நொடி காட்டி எடுத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள், என்ன மாதிரிப் படம் என்று நினைத்தீர்கள், எதைப் படித்தீர்கள் என்று கேளுங்கள். பெண்ணின் முகத்தை யாரும் சொல்லாவிட்டால் அங்கே கோளாறு. இதழின் பெயர் நினைவில் நிற்காவிட்டால் அங்கே கோளாறு. தலைப்பு பெரிதா சிறிதா என்ற சண்டையும் அதிலேயே தீர்ந்துவிடும். குடும்பக் குழுவை விட்டு வெளியே வாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் பத்திரிகை விற்பவரிடம் காட்டுங்கள், எந்த அட்டைக்குக் கை நீளும் என்று அவருக்குத் தெரியும். முதல் அட்டைக்குத் திரும்பிப் போய் பின்னணியை மட்டும் சரிசெய்து, அச்சுக்கடையில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். திரை தானே ஒளிர்வது, தாள் அப்படியல்ல. நிழல்கள் இன்னும் கறுத்துப் போகும், அதற்கும் சுவரைத்தான் தூக்க வேண்டும், முகத்தை அல்ல.

அப்புறம், இத்தனை பேரிடம் கேட்டீர்களே, படத்தில் இருக்கும் பெண்ணிடம் காட்டியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வெளுப்பாக்கியதை அவள் பார்த்தாளா? இல்லையென்றால் அதை அழித்துவிட்டு, புதியதை முதலில் அவளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.