நூறு பக்கத்தோடு நின்றுபோன பைத்தான் புத்தகம்

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்தமாகப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஆயிரம் பக்கப் புத்தகம் ஒன்று வாங்கினேன்; நூறு பக்கம் தாண்டவில்லை. நண்பர் தந்த பழைய புத்தகத்திலோ முதல் நிரலே எரர் காட்டுகிறது. எந்த மாதிரிப் புத்தகம் எடுக்கலாம்?

பதில்: முதலில் அந்த எரர். தப்பு உங்களுடையதாக இருக்காது. பெரும்பாலும் அது பழைய பதிப்பான பைத்தான் 2-க்கு எழுதிய புத்தகம். அதில் ‘பிரின்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3-இல் அடைப்புக்குறி போடாவிட்டால் நிரல் ஓடவே ஓடாது. இதாவது கண்ணுக்குத் தெரிகிற தகராறு. 7-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள்: பழையதில் 3 வரும், புதியதில் 3.5. எரர் எதுவும் வராது, விடை மட்டும் மாறியிருக்கும். கணக்குப் பார்ப்பவருக்கு இதைவிட ஆபத்து வேறென்ன?

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே புத்தகம் பைத்தானின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று முன்னுரையில் தேடுங்கள். அச்சிட்ட ஆண்டை நம்ப வேண்டாம், அது மறுஅச்சாக இருக்கலாம். இன்னொரு குறுக்குவழியும் உண்டு: ‘ஸ்ட்ரிங்’ (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) அத்தியாயத்தில், மேற்கோள் குறிக்கு முன்னால் ‘எஃப்’ என்ற எழுத்து ஒட்டி நிற்கிறதா? 2016-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் அந்த வசதி. இருந்தால் தைரியமாக எடுக்கலாம். (சி போல மெதுவாக மாறும் மொழிகளுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை.)

ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அது தேவைப்படும்போது புரட்டிப் பார்க்க வேண்டியது, முதல் பக்கத்திலிருந்து படிப்பதற்கானது அல்ல.

இனி தேர்வு. முதல் அத்தியாயத்தை எல்லோருமே நன்றாக எழுதிவிடுவார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேராக ‘லூப்’ (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பது) அத்தியாயத்தைத் திறங்கள். நிரல்கள் பத்துப் பதினைந்து வரிக்குள் இருக்கின்றனவா, ஒவ்வொன்றின் கீழும் அவுட்புட் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயிற்சிகள். “1 முதல் 10 வரை கூட்டுக” என்பதோடு நிறுத்தும் புத்தகம் சுமார்தான். “‘வைல்’ லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை ஒன்று கூட்டும் வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்கிற புத்தகம் என்றால் வாங்கலாம். எடுத்துப் பார்த்தால் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவருக்கு ‘வைல்’ லூப் மறக்காது. விடைகள் கொஞ்சமாவது பின்னால் இருக்கட்டும், தனியாகப் படிக்கிறவருக்குக் கேட்க ஆளில்லை.

இத்தனை நாளில் கற்றுவிடலாம் என்று அட்டையில் எண் போட்ட புத்தகங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பிடிஎஃப் பிரதியில் படித்தால் நிரலை காப்பி-பேஸ்ட் செய்யாதீர்கள். நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடலாம், வரித் தொடக்கத்து இடைவெளியும் காணாமல் போகலாம். பைத்தானில் அந்த இடைவெளிக்கும் பொருள் உண்டு. கையால் தட்டச்சு செய்யுங்கள்.

உங்கள் வேலைக்கு இன்னும் ஒன்று பார்க்கலாம். விளையாட்டு செய்து காட்டும் புத்தகங்கள் சுவையானவைதான். ஆனால் பாதிப் புத்தகத்துக்குள் ஒரு சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) திறந்து, ஒரு நெடுவரிசையின் எண்களைக் கூட்டிக் காட்டுகிற புத்தகம் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் உங்கள் அலுவலக ஃபைலின் நகல் ஒன்றிலேயே செய்து பார்க்கலாம்.