மாசூட்டிய (வேற்றுத் தனிமம் கலந்த) ஆக்சைடுகளில் படிக அமைப்பும் மின்கடத்தலும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிர்கோனியாவில் (சிர்கோனியம் ஆக்சைடு) இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்ப்பது படிக அமைப்பை நிலைநிறுத்தவா, மின்கடத்தலை உண்டாக்கவா? பாடநூல்கள் இரண்டையும் சொல்கின்றன.

பதில்: இரண்டும் ஒரே மாற்றீட்டால் விளைபவை. தூய சிர்கோனியா அறை வெப்பநிலையில் ஒற்றைச்சரிவுப் படிகமாகவும், ஏறத்தாழ 1170 பாகை செல்சியசுக்கு மேல் நாற்கோணப் படிகமாகவும், 2370 பாகைக்கு மேல் கனசதுரப் படிகமாகவும் இருக்கிறது. குளிரும்போது நாற்கோணம் ஒற்றைச்சரிவாக மாறுகையில் அதன் பருமன் 4 முதல் 5 விழுக்காடு பெருகிவிடும். தூய சிர்கோனியா வில்லை ஒன்றை 1500 பாகையில் சுட்டுவிட்டு மறுநாள் காலையில் உலையைத் திறந்தபோது, அலுமினா மூசைக்குள் சில்லுகள் மட்டுமே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு மின்னூட்டம் கொண்ட சிர்கோனியத்தின் இடத்தில் மூன்று மின்னூட்டம் கொண்ட இட்ரியம் அமரும்போது, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. அளவில் பெரிய இட்ரியம் அயனியும் இந்தக் காலியிடங்களும் சேர்ந்தே கனசதுர அமைப்பை அறை வெப்பநிலை வரை தாங்கிப் பிடிக்கின்றன. அதே காலியிடங்கள் வழியாகத்தான் ஆக்சைடு அயனிகள் தாவிச் செல்கின்றன. இங்கே மின்னோட்டத்தைச் சுமப்பது எலக்ட்ரான் அன்று, அயனி. ஒற்றைச்சரிவு அமைப்பில் ஆக்சிஜன் இடங்கள் இரு வகைப்பட்டவை. கனசதுரத்திலோ அவை யாவும் சமமானவை, ஆகவே எந்தத் திசையில் தாவினாலும் ஏறவேண்டிய ஆற்றல் மேடு ஒன்றே. 8 மோல் விழுக்காடு இட்ரியா கலந்த சிர்கோனியா 1000 பாகையில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 சீமன்ஸ் கடத்துதிறன் காட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் 12 விழுக்காடு சேர்த்தால் இன்னும் நன்றாகக் கடத்துமா?

பதில்: கடத்தாது. காலியிடங்கள் பெருகப் பெருக, அவை மாசு அயனிகளுடன் (இங்கே இட்ரியம்) பிணைந்து நகரமுடியாமல் நின்றுவிடுகின்றன. 8 விழுக்காட்டை ஒட்டி உச்சத்தைத் தொடும் கடத்துதிறன் அதன்பின் இறங்குமுகமே.

கேள்வி: 11 விழுக்காடு ஸ்காண்டியா (ஸ்காண்டியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியா மாதிரியில் 600 பாகையை ஒட்டி அரீனியஸ் கோடு (வெப்பநிலையோடு கடத்துதிறன் மாறுவதைக் காட்டும் வரைகோடு) திடீரென ஒடிகிறது. மின்வாயைத் தவறாகப் பூசிவிட்டேனா?

பதில்: மின்வாயைக் குறை சொல்லாதீர்கள். ஸ்காண்டியம் அயனியின் அளவு சிர்கோனியத்துக்கு மிக நெருக்கமானது என்பதால் தாவல் எளிதாகி, உயர் வெப்பநிலையில் இட்ரியா கலவையை விட அது நன்றாகக் கடத்துகிறது. ஆனால் உங்கள் செறிவில் குளிரும்போது கனசதுரம் சாய்சதுரப் படிகமாக மாறி, அதுவரை சிதறிக் கிடந்த காலியிடங்கள் வரிசையில் அமர்ந்துவிடுவதால் கடத்துதிறன் சரேலென விழுகிறது. சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒடிவு சற்றே வேறுபட்ட வெப்பநிலைகளில் தோன்றினால் அது அமைப்பு மாற்றமே. ஸ்காண்டியாவை 10 விழுக்காடாகக் குறைத்து 1 விழுக்காடு சீரியா (சீரியம் ஆக்சைடு) சேர்ப்பதே இதற்கு வழக்கமான மருந்து.

கேள்வி: நான் பிரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரசரைக் கிளப்பும் பி.டி.சி. ரிலேயின் வில்லை சூடானால் மின்தடை கூடுகிறதே, ஏன்? கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசர் கிளம்ப மறுப்பதும் இதனால்தானா?

பதில்: இந்த அமர்வில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுவே. அந்த வில்லை பேரியம் டைட்டனேட்டால் ஆனது. தூய நிலையில் அது மின்காப்பான்; விழுக்காட்டின் சிறு பின்ன அளவில் லாந்தனம் போன்ற மாசைச் சேர்த்தால் குறைகடத்தியாகிறது. ஏறத்தாழ 120 பாகைக்குக் கீழே அதன் படிகம் நாற்கோணம். அந்நிலையில் அதற்குத் தன்னியல்பான மின்முனைவாக்கம் (நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்றல்) உண்டு. நுண்படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் சிக்கியிருக்கும் மின்னூட்டத்தை இந்த முனைவாக்கம் ஈடுசெய்வதால் எலக்ட்ரான்கள் தடையின்றிக் கடக்கின்றன. அந்த வெப்பநிலையைத் தாண்டிக் கனசதுரமாக மாறியதும் முனைவாக்கம் மறைகிறது. எல்லைகளில் தடை எழும்பி, மின்தடை சில பத்துப் பாகைகளுக்குள் ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மணி எல்லைகளே இல்லாத ஒற்றைப் படிகத்தில் இவ்விளைவு தோன்றாது என்பதே இவ்விளக்கத்துக்கு நல்ல சான்று.

நீங்கள் கேட்ட இரண்டாவதும் சரியே. சூடான வில்லை ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்னோட்டம் போகவிடாது. அது ஆறி மீண்டும் நாற்கோணமாகச் சில நிமிடங்கள் தேவை. மாறும் வெப்பநிலையைக் குறைக்க வேண்டுமானால் பேரியத்தின் ஒரு பகுதிக்கு ஸ்ட்ரான்சியத்தையும், கூட்ட வேண்டுமானால் ஈயத்தையும் இடுவார்கள்.

கேள்வி: வனேடியம் டை ஆக்சைடில் டங்ஸ்டன் சேர்த்தால், அது உலோகம்போல் கடத்தும் நிலைக்கு மாறும் வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு வருமா?

பதில்: வரும். 68 பாகையில் ஒற்றைச்சரிவு அமைப்பில் இணை இணையாக நிற்கும் வனேடியம் அணுக்கள் பிரிந்து, படிகம் ரூட்டைல் என்னும் நாற்கோண வடிவம் பெற்று உலோகம்போல் கடத்துகிறது. ஒவ்வோர் அணு விழுக்காடு டங்ஸ்டனும் அந்த வெப்பநிலையை ஏறத்தாழ 20 பாகை இறக்குகிறது. ஆனால் மின்தடைத் தாவலும் கூடவே சிறுத்துப்போகும். ஆகவே சாளரப் பூச்சுக்கானால் தாராளமாகச் சேருங்கள், மின் சுவிட்சுக்கானால் குறைவாகச் சேருங்கள்.