பேரக் குழந்தைக்கு ஒரு போர்வை, வால்பாறை மாமியாருக்கு ஒரு போர்வை: எந்த நூல் வாங்குவது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்குக் கொக்கி ஊசியில் பின்னும் குரோஷே பின்னல் ஓரளவு வரும். மகளுக்கு மார்கழியில் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு போர்வை பின்ன ஆசை. வால்பாறையில் மச்சாண்டார் வீட்டில் இருக்கும் மாமியாருக்கும் ஒன்று பின்னித் தர வேண்டும். இங்கே கடையில் உல்லன் நூல் கிடைக்கிறது. கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பருத்தி நூல் கோன் வாங்கித் தருகிறேன், வெட்டியதில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியும் கிடைக்கும் என்கிறார். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?"

முதலில் நேரடியான பதில். குழந்தைக்குப் பருத்தி. வால்பாறைக்குப் பருத்தி வேண்டாம். அங்கே அக்ரிலிக் என்னும் செயற்கை நூல், முடிந்தால் கம்பளி கலந்த நூல். கொழுந்தனார் தரும் கோனை, அதன் நம்பர் தெரியாமல் வாங்காதீர்கள். கட்டிங் வேஸ்ட் போர்வைக்கு ஆகாது.

நூல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் போர்வையை யார் துவைப்பார்கள், எந்தத் தண்ணீரில், எங்கே காயப்போடுவார்கள்? குழந்தையின் போர்வை வாரத்தில் பலமுறை தண்ணீரைப் பார்க்கும். வயதானவர் போர்வை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். கோபியில் வெயிலில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும். வால்பாறையில் ஆடி மாதம் போட்டால் மூன்றாம் நாளும் ஈரம் போகாது. ஒரே கை பின்னினாலும் இரண்டு போர்வைக்கும் ஒரே நூல் சரிப்படாததற்குக் காரணம் இதுதான்.

திருப்பூர் கோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பலருக்கும் இந்த வாய்ப்பு இருக்கிறது, பலரும் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். நூலின் நம்பர் கூடக்கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள நூல் கற்றை, அதாவது சிட்டம், எத்தனை அடங்குகிறதோ, அதுதான் அந்த நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் 20 சிட்டம். நமக்குப் பயன்படும் கணக்கு இதைவிட எளிது: நம்பரை 1.7-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று ஏறக்குறைய வந்துவிடும். 10-ஆம் நம்பர் கிராமுக்கு 17 மீட்டர். 20-ஆம் நம்பர் 34 மீட்டர். டி-ஷர்ட் துணிக்கு அதிகம் ஓடுவது 30-ஆம் நம்பர். அது 51 மீட்டர்.

4 மில்லிமீட்டர் ஊசியில் வசதியாகப் பின்னக்கூடிய நூல், 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் இருக்கும். அதாவது கிராமுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர். அப்படியானால் கொழுந்தனார் கொண்டுவரும் 30-ஆம் நம்பர் நூலில் இருபது இழைக்கு மேல் சேர்த்துப் பிடித்தால்தான் அந்தத் தடிமன் வரும். இருபது கோனை வரிசையாக வைத்து ஒருவர் பின்ன முடியாது. அப்படியே முயன்றாலும் ஊசி ஒவ்வொரு கண்ணியிலும் நாலு இழையை விட்டுவிடும்.

ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "மெல்லிய ஹோசியரி நூல், அதாவது பனியன் நூல், வேண்டாம். 10-க்குக் கீழே உள்ள தடித்த நம்பரில், நாலு இழையோ அதற்கு மேலோ முறுக்கிய பருத்தி நூல் ஒரு கோன் கிடைக்குமா?" 10-ஆம் நம்பரில் ஏழெட்டு இழை முறுக்கினால் நமக்கு வேண்டிய தடிமன். 6-ஆம் நம்பரில் நாலைந்து இழை போதும். துண்டு, போர்வை, கால்மிதி நெய்கிற சென்னிமலை, கரூர்ப் பக்கங்களில் இந்தத் தடித்த நம்பர்கள் புழக்கத்தில் இருக்கும். பனியன் கம்பெனியில் தேடுவதைவிட அங்கே விசாரிப்பது சுலபம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். முறுக்குப் பட்டறைகள் பெரிய அளவில் வேலை செய்பவை, ஒரு கிலோ நூலைத் தனியாக முறுக்கித் தருவது அவர்களுக்குக் கட்டாது. ஏற்கெனவே முறுக்கியதில் மீந்த கோன் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் கைவினைப் பொருள் கடையில் பந்தாக வரும் பருத்தி நூலே நல்லது. கொஞ்சம் விலை கூடும், ஆனால் நிம்மதியாகப் பின்னலாம்.

குழந்தைக்கு என்று கேட்கும்போது இன்னும் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ரிங் நூலா, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூலா? இரண்டும் நூற்கும் முறையின் பெயர்கள். ஓ.இ. நூல் சீராகவும் உப்பலாகவும் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் மேற்புறத்தில் சில இழைகள் இறுகச் சுற்றிக்கொண்டிருப்பதால் தொடுவதற்குச் சற்றுக் கரகரப்பு. பெரியவர்கள் போர்வைக்குப் பரவாயில்லை, பிஞ்சு உடம்புக்கு ரிங் நூலே சரி. இரண்டாவது, அது காம்ப்டு நூலா? காம்பிங்கில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் நூல் வழுவழுப்பாக இருக்கும், பஞ்சு உதிர்வதும் உருண்டை கட்டுவதும் குறையும். வெட்டுத் துணியை மறுபடி பஞ்சாக்கி நூற்ற நூலும் நம் பக்கத்தில் நிறையக் கிடைக்கிறது. கழிவை வீணாக்காத நல்ல வேலை அது, துணியின் பழைய நிறத்தையே பயன்படுத்தினால் புதிதாகச் சாயம் போடும் தேவையும் இல்லை. எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் அந்த இழைகள் குட்டையானவை, பல சமயம் பாலியெஸ்டரும் கலந்திருக்கும். பை பின்னுங்கள், மேசைவிரிப்பு பின்னுங்கள். பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

பளபளக்கும் மெர்சரைஸ்டு நூலைக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தியதால் மினுமினுப்பும் பலமும் கூடிய நூல் அது. பூவேலைக்கு அருமை, போர்வைக்கு விறைப்பு.

கோனில் தொட்டுப் பார்த்து மென்மையை முடிவு செய்யாதீர்கள். ஹோசியரி நூலுக்கு, பின்னல் எந்திரத்தில் வழுக்கி ஓடுவதற்காக மெழுகு பூசியிருப்பார்கள். சாயம் போடாத கோரா நூலில் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். அதனால் புதிதாகப் பின்னிய துணி தண்ணீரை உறிஞ்சாது. சோப்புப் போட்டு வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். கூடவே தண்ணீரும் ஒரு காரணம். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு சரியாகப் போகாமல் இழையில் படிந்து பருத்தி நாளாக நாளாக முரடாகிவிடும். குழந்தைத் துணிக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீரையோ மழைநீரையோ கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழந்தைப் போர்வையில் துளை விழும் வேலைப்பாடு வேண்டாம், குஞ்சமும் வேண்டாம். நெருக்கமான சாதாரணப் பின்னல் போதும். விரலோ கால்விரலோ தளர்ந்த இழையில் மாட்டிச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைபடலாம். இதனால்தான் முறுக்காத இழைகளைச் சும்மா சேர்த்துப் பிடித்துக் குழந்தைக்குப் பின்னுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பின்னிய துண்டின் மேல் நகத்தால் கீறிப் பாருங்கள். தனி இழை வளையமாக எழும்பினால் அந்த நூல் குழந்தைக்கு ஆகாது. நூல் முனையை முடிச்சுப் போட்டு வெட்டாமல், ஒரு விரல் நீளத்துக்கு உள்ளேயே கோர்த்து மறைத்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஒரு வயது முடியும்வரை, தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வையைப் போடக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, முகத்தை மூடினால் அதை விலக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. அம்மாயி பின்னிய போர்வை மடியில் வைத்திருக்கும்போதும், தூக்கிக்கொண்டு வெளியே போகும்போதும் போர்த்துவதற்கு.

இனி வால்பாறை. காற்றில் ஈரம் இருந்தால் நூலும் அதைக் குடிக்கும். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், கம்பளி சுமார் 16, அக்ரிலிக் 2-க்கும் கீழே. மழைக் காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் பருத்திப் போர்வை எப்போதும் சில்லென்று இருக்கும். கம்பளி அதிகம் ஈரம் குடித்தாலும் அதை இழைக்குள் அடக்கிக்கொள்வதால் தொடுகிறவருக்கு ஈரம் தெரியாது, சூடும் குறையாது. அக்ரிலிக் அநேகமாகக் குடிப்பதே இல்லை, சீக்கிரம் காயும், பூச்சியும் அரிக்காது.

எடையும் முக்கியம். ஒரே தடிமனில் அக்ரிலிக் நூல், பருத்தியைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு லேசானது. ஆள் நீளப் பருத்திப் போர்வை நனைந்தால் பிழிந்து தூக்க நல்ல பலம் வேண்டும். அந்த வீட்டில் துவைக்கப்போகிறவர் உங்கள் மச்சாண்டார் மனைவி என்றால், அவர் கையையும் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் ஊர்க் கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். அக்ரிலிக் உருகி எரிந்து கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். கம்பளி தலைமுடி கருகிய வாசம் வீசி, தீயை எடுத்ததும் தானே அணையும். பருத்தி காகிதம்போல எரிந்து பூச்சாம்பலாகும். இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிவிடுகிறது: உங்கள் மாமியார் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காயும் பழக்கம் உள்ளவரா? அப்படியென்றால் அக்ரிலிக் வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். செலவானாலும் முழுக் கம்பளி நூலே வாங்குங்கள். மெரினோ போன்ற மெல்லிய ரோமம் அரிக்காது. நம் பக்கத்துக் குறும்பை ஆட்டு ரோமம் கரகரப்பானது. மேலே போர்த்தலாம், கழுத்தில் பட்டால் உறுத்தும். கம்பளியை வெந்நீரிலோ மெஷினிலோ போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்பதைப் போர்வையோடு சேர்த்தே சொல்லி அனுப்புங்கள். சாதா நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அழுத்திப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் போகாதவர் என்றால் நல்ல முறுக்குள்ள அக்ரிலிக் போதும். தளர்ந்த முறுக்கு சீக்கிரம் உருண்டை கட்டும். அக்ரிலிக்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது, பின்னல் தொய்ந்து உயிரில்லாமல் போய்விடும்.

சரி, எவ்வளவு வாங்குவது? இதற்கு யாரும் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்தது. எந்த நூலானாலும் முதலில் ஒரு பந்தோ ஒரு சிறு கோனோ மட்டும் வாங்குங்கள். போர்வையில் வரப்போகும் அதே பின்னலில், 15 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம் பின்னுங்கள். அதை அந்த வீட்டில் போர்வையை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்துக் காயவையுங்கள். பிறகு அளந்து, நகைக்கடைத் தராசிலோ சமையலறை டிஜிட்டல் தராசிலோ எடை போடுங்கள். துவைத்த பிறகும் சதுரம் 15-க்கு 15 இருந்து, எடை 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு 80 குழந்தைப் போர்வையில் அப்படி 28-க்குச் சற்று மேல் சதுரம் அடங்கும். 340 கிராம். கரைக்கும் முனைகளுக்கும் சேர்த்து 400 கிராம் வாங்கலாம். பெரியவருக்கு 120-க்கு 170 என்றால் 91 சதுரம். அக்ரிலிக்கில் சதுரத்துக்கு 9 கிராம் வந்தால் 820 கிராம், ஒரு கிலோ வாங்கினால் தைரியமாகப் பின்னலாம். ஊசி இரண்டு வைத்துப் பின்னுகிறவர்கள் இதே கணக்கைப் போடலாம், ஆனால் சதுரம் தனியாகப் பின்ன வேண்டும். அதே பரப்புக்கு குரோஷே அதிக நூல் சாப்பிடும்.

சதுரத்தை ஒரு கிளிப்பில் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டும் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் போர்வையும் அப்படித்தான் இழுபடும். மூங்கில் விஸ்கோஸ் நூலில் இது அதிகம், நனைந்தால் பலமும் குறையும். தொட்டால் பட்டுபோல இருக்கும் என்பதற்காகப் போர்வைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நிறத்துக்கு வந்தால், எல்லாவற்றையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதில், ஒரே நாளில் வாங்குங்கள். அடுத்த லாட்டின் ஷேடு டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் கோடு போட்டதுபோல நிற்கும். அடர் சிவப்பு, கருநீலம் எடுத்தால் ஈர வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் பக்கத்தில் வெள்ளை வைக்காதீர்கள். பருத்திச் சாயத்தை வினிகரோ உப்போ நிறுத்தாது. ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வெந்நீரில் பலமுறை அலசி வெளியேற்றுவதுதான் வழி.

கட்டிங் வேஸ்ட் பட்டைகளைக் கொழுந்தனார் அன்பாகக் கொண்டுவந்தால் மறுக்க வேண்டாம். வாசலுக்கும் குளியலறைக்கும் அருமையான கால்மிதி ஆகும். போர்வையாகப் பின்னினால் தூக்க முடியாத கனம். சில பட்டையில் இழுபடும் லைக்ரா இழை இருக்கும், சிலதில் இருக்காது, அதனால் பின்னலும் கோணும்.

பின்னி முடித்ததும் மீதி நூலில் ஒரு சிறு பந்தைப் போர்வையோடு சேர்த்து முதல் சில துவைப்பிலும் போடச் சொல்லுங்கள், ஒரு பழைய சாக்ஸுக்குள் கட்டி. பின்னால் எங்காவது இழை அறுந்தால் ஒட்டுப்போட அதே அளவு வெளுத்த, அதே அளவு சுருங்கிய நூல் கையில் இருக்கும்.